மூன்றாம் பணிநேரம்: தமிழ்க் குடும்பக் காதல் நாவலாசிரியைகளும் எழுத்திற்கான காலமும்

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இதழ்களில் காதலையும் இல்லறத்தையும் மையமாகக் கொண்டு எழுதிய பெண்களுள் பெரும்பாலோர் முழுநேர எழுத்தாளர்கள் அல்லர். இல்லப் பொறுப்பிற்கும் பலருக்கு அதனுடன் சேர்ந்த தொழிற்பொறுப்பிற்கும் இடையே கிடைத்த பொழுதில் அவர்கள் எழுதினர். இந்நிலை அவர்தம் வாழ்க்கை வரலாற்றுக்குரிய துணைச்செய்தியாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வருகிறது. நேரமின்மை என்பது இவ்வகை நாவலின் வடிவத்தையும் கதைப்பின்னலையும் உருவாக்கிய காரணிகளுள் ஒன்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வை.மு. கோதைநாயகி அம்மாள், லட்சுமி ஆகிய இருவரும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றனர். அநுத்தமா, சிவசங்கரி, ரமணிசந்திரன் ஆகியோர் ஒப்பீட்டிற்காகச் சுட்டப்படுகின்றனர்.

திறவுச்சொற்கள்: குடும்ப நாவல், காதல் புனைவு, தொடர்கதை, பெண் எழுத்து, இல்ல உழைப்பு, களவு, கற்பு, லட்சுமி, வை.மு. கோதைநாயகி

முன்னுரை

ஒரு பெண் புனைவு எழுத வேண்டுமானால் அவளுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்னும் கருத்தை வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். பெண் எழுத்து குறித்த தமிழ் ஆய்வுகளிலும் இக்கருத்து அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. எனினும், தமிழில் பெருந்தொகையான நாவல்களை எழுதிய பெண்களுள் பலர் இவ்விரண்டும் கைகூடிய பின்னர் எழுதத் தொடங்கியவர்கள் அல்லர். அறை இல்லாத நிலையில் எழுதினர். பணம் இல்லாததாலேயே எழுதியவர்களும் உண்டு. ஆகவே, எழுதுவதற்கு எவை தேவை என்னும் வினாவுடன், அவை இல்லாதபோது எவ்வகை எழுத்து பிறந்தது என்னும் வினாவும் எழுப்பப்பட வேண்டியுள்ளது.

ஊதியப் பணியை முடித்து வீடு திரும்பும் பெண்ணுக்கு வீட்டு வேலை இரண்டாவது பணிநேரமாக அமைவதை அமெரிக்கச் சமூகவியலர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1989இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இந்திய நிலையை 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டுகிறது. ஊதியமற்ற இல்லப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றிற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அவ்வாய்வு பதிவு செய்துள்ளது. தொழில்புரியும் பெண்ணுக்கு அலுவலகம் முதற் பணிநேரம் என்றும் இல்லம் இரண்டாம் பணிநேரம் என்றும் கொண்டால், நாவல் எழுதுவது மூன்றாம் பணிநேரமாகிறது. இக்கட்டுரையின் தலைப்பு இப்பொருளிலேயே அமைந்துள்ளது.

காதல் நாவலும் குடும்ப நாவலும்

இவ்வகைமையின் எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வது இன்றியமையாதது. ஆங்கிலப் பதிப்புத் துறையில் ‘ரொமான்ஸ்’ எனப்படும் நாவலுக்கு இரு கூறுகள் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. காதற்கதை மையமாக இருத்தல் ஒன்று. முடிவு நம்பிக்கையும் மனநிறைவும் தருவதாக இருத்தல் மற்றொன்று. தமிழில் இவ்விரு கூறுகளையும் கொண்ட நாவல்கள் பெரும்பாலும் ‘குடும்ப நாவல்’ என்னும் பெயரிலேயே வழங்கிவந்துள்ளன. இவற்றில் தலைவனும் தலைவியும் தனித்த இருவராக இயங்குவதில்லை. மாமியார், நாத்தனார், மணமாகாத தங்கை, கடன், வேலை ஆகிய அனைத்தும் காதலின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

தொல்காப்பியப் பொருளதிகாரம் களவியலை முன்னும் கற்பியலைப் பின்னும் வைக்கிறது. தமிழ்க் குடும்பக் காதல் நாவலின் செல்வாக்குமிக்க ஒரு வகை இவ்வரிசையைப் புரட்டிப் போடுகிறது. விருப்பமின்றியோ சூழ்நிலையின் அழுத்தத்தாலோ மணம் முதலில் நிகழ்கிறது. ஒருவரையொருவர் அறிதல், ஐயுறல், உள்ளம் நெகிழ்தல் ஆகிய களவுக்குரிய நிலைகள் மணவாழ்க்கைக்குள் நிகழ்கின்றன. லட்சுமியின் ‘பெண்மனம்’ இவ்வகைக்குத் தக்க சான்றாகும். எல்.வி. பிரசாத் இயக்கத்தில் 1963இல் வெளிவந்த ‘இருவர் உள்ளம்’ திரைப்படம் இந்நாவலைத் தழுவியது. வெறுக்கும் ஒருவனையே மணக்க நேர்ந்த பெண்ணின் மனம் படிப்படியாக மாறுவதே அதன் கதைப்போக்கு.

கற்பிற்குள் களவை அமைக்கும் இவ்வுத்தி, காதலை எழுதும் பெண்ணுக்கும் அதனைப் படிக்கும் பெண்ணுக்கும் ஒருசேரப் பாதுகாப்பு அளித்தது. வீட்டுக் கூடத்தில் அனைவர் கண்ணிலும் படும் வார இதழில், தன் குடும்பத்தார் படிக்கக்கூடிய கதையில், ஒரு பெண் காதலைப் பேச அது வழிவகுத்தது. குடும்ப இசைவு என்னும் புறக்காரணி கதைப்பின்னல் என்னும் அகக்கூறாக மாறுவதை இங்குக் காணலாம்.

வை.மு. கோதைநாயகி அம்மாள்: சொல்ல எழுதியது

இம்மரபின் முன்னோடியாகக் கருதத்தக்கவர் வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960). ஐந்தரை வயதில் வை.மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்துவைக்கப்பட்ட இவருக்குப் பள்ளிக் கல்வி வாய்க்கவில்லை. குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் வெளிப்பட்ட இவரது திறன் 1924இல் ‘இந்திர மோகனா’ என்னும் நாடகமாக உருப்பெற்றது. தாமே எழுதும் பயிற்சி அப்போது போதாமையால் இவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் அதனை எழுதினார். அடுத்த ஆண்டில் ‘ஜகன்மோகினி’ இதழின் பொறுப்பை ஏற்று, அதனைப் பல்லாண்டுகள் நடத்தினார். தம் நாவல்களை அதிலேயே தொடராக வெளியிட்டார். இவர் எழுதிய நாவல்கள் 115 என்று கணக்கிடப்படுகின்றன.

இவர் வாழ்விலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, எழுத்து தனித்திருந்து செய்யும் செயலாகத் தொடங்கவில்லை என்பது. சொல்பவர் ஒருவரும் எழுதுபவர் ஒருவருமாக, பெண்களுக்கிடையிலான நட்பின் துணையால் அது தொடங்கியது. தனியறை இல்லாத குறையைத் தோழியின் கை ஈடுசெய்தது எனலாம். இரண்டாவது, இதழின் உரிமை எழுதும் காலத்தின் மீதான உரிமையாகவும் மாறியது என்பது. பிறர் நடத்தும் இதழில் எழுதுபவர் அவ்விதழின் காலக்கெடுவிற்குக் கட்டுப்பட்டவர். கோதைநாயகி தாமே ஆசிரியராக இருந்தமையால் எழுத்து, பதிப்பு, குடும்பம், மேடைப்பேச்சு, விடுதலை இயக்கப் பணி ஆகியவற்றைத் தம் வசதிக்கேற்ப வரிசைப்படுத்திக்கொள்ள இயன்றது. அதே வேளையில், இதழின் பக்கங்களை நிரப்ப வேண்டிய கட்டாயம் அவர் எழுத்தை இடைவிடாத உற்பத்தியாகவும் ஆக்கியது. உரிமையும் சுமையும் ஒன்றாகவே வந்தன.

லட்சுமி: எழுத்து தாங்கிய கல்வி

தொழிலும் எழுத்தும் ஒன்றற்கொன்று பகை என்னும் பொதுக் கருத்தை மறுபரிசீலனை செய்ய உதவுவது லட்சுமியின் வாழ்க்கை. திரிபுரசுந்தரி என்னும் இயற்பெயர் கொண்ட இவர் (1921–1987) சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். படிப்புச் செலவைக் குடும்பத்தால் தொடர்ந்து ஏற்க இயலாத நிலையில், ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ்.எஸ். வாசன் அளித்த வாய்ப்பால் அவ்விதழில் கதைகள் எழுதி, அவ்வருவாயைக் கொண்டு கல்வியைத் தொடர்ந்தார்.

இங்கு வழக்கமான வரிசை தலைகீழாகிறது. தொழிலில் நிலைபெற்ற பின் ஓய்வுநேர விருப்பமாக எழுத்தை மேற்கொள்வது பலரிடம் காணப்படும் நிலை. லட்சுமியிடம் எழுத்தே முதலில் ஊதியம் தந்தது. அவ்வூதியம் தொழிலை உருவாக்கியது. மருத்துவ மாணவியின் கடுமையான பாடச்சுமைக்கு இடையே எழுதப்பட்ட கதைகளை ஓய்வின் விளைவாகக் கருத இயலாது. அவை உழைப்பின் விளைவு. கூலி பெற்ற உழைப்பின் விளைவு. பெண்கள் எழுதும் காதற்கதைகளைப் ‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லால் குறிக்கும்போது அது படிப்பவரின் பொழுதை மட்டுமே கருத்திற்கொள்கிறது. எழுதியவரின் பொழுதை மறைத்துவிடுகிறது.

திரிபுரசுந்தரி மருத்துவராகவும் லட்சுமி எழுத்தாளராகவும் அறியப்பட்டமையும் நோக்கத்தக்கது. ராஜேஸ்வரி என்னும் இயற்பெயருடையவர் அநுத்தமா என்னும் பெயரில் எழுதியதும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. புனைபெயருக்கு அழகியல் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும், நோயாளியின் முன் அமரும் மருத்துவரையும் காதற்கதை எழுதும் ஆசிரியையையும் வேறுபடுத்திக் காட்டுவது, அல்லது மருமகளின் பெயரையும் இதழில் அச்சாகும் பெயரையும் பிரித்துவைப்பது, அதன் நடைமுறைப் பயனாக அமைகிறது. ஒரு நாளைப் பகுதிகளாகப் பிரிக்க இயலாதவர் பெயரைப் பிரித்துக்கொள்கிறார்.

1950களின் நடுவில் மணமாகித் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய லட்சுமி, 20 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு வாழ்ந்தார். 1977இல் சென்னை திரும்பிய பின்னரான பத்தாண்டுகளை அவரது இரண்டாம் எழுத்துக் காலம் எனலாம். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வழங்கப்பட்டது. தமிழில் அவ்விருதைப் பெற்ற பெண்களுள் ராஜம் கிருஷ்ணனுக்கு அடுத்து இவர் இரண்டாமவர். மாணவப் பருவம், இளம் மருத்துவப் பருவம், அயல்நாட்டு இல்லறம், முதுமை என வாழ்க்கைக் கட்டங்கள் மாறும்போது எழுத்திற்கான வாய்ப்பும் மாறுவதை இவ்வரலாறு உணர்த்துகிறது. ஒரு பெண் எழுத்தாளரின் படைப்புகளைக் காலவரிசைப்படுத்தும் ஆய்வாளர், அவ்வரிசைக்கு அருகில் அவரது திருமணம், பணி, இடப்பெயர்வு, இழப்பு ஆகியவற்றின் காலவரிசையையும் வைத்துப் பார்த்தாலன்றி இப்பருவங்களின் பொருள் விளங்காது. ‘கதாசிரியையின் கதை’ என்னும் லட்சுமியின் தன்வரலாறு இவ்வகை ஆய்விற்கு முதன்மை ஆதாரமாகும்.

தொடர்கதை வடிவமும் துண்டுபட்ட நேரமும்

இப்பெண்கள் பெரிதும் கையாண்ட வெளியீட்டு முறை தொடர்கதை. அதன் இயங்குமுறை துண்டுபட்ட நேரத்திற்கு இயல்பாகப் பொருந்துவது. முழு நாவலையும் எழுதி முடித்துப் பதிப்பாளரைத் தேட வேண்டுமெனில், நீண்ட காலம் பயன் எதுவும் தராத உழைப்பை மேற்கொள்ள வேண்டும். குடும்பத்தின் பார்வையில் அத்தகைய உழைப்பிற்கு நியாயம் கற்பிப்பது கடினம். தொடர்கதையிலோ வாரம் ஓர் அத்தியாயம் போதும். முப்பது அத்தியாய நாவல் முப்பது வாரங்களில் நிறைவடைகிறது. ஒவ்வோர் அத்தியாயமும் அச்சேறி, ஊதியமாகவும் வாசகர் கடிதமாகவும் திரும்பி வருகிறது. அவ்வருவாய் வீட்டில் எழுத்திற்கான இசைவைப் புதுப்பிக்கிறது. இதழ் ஆசிரியர் விதிக்கும் காலக்கெடு, எழுதுபவர் தமக்கென நேரம் கேட்பதற்குரிய புறக்காரணமாகவும் பயன்படுகிறது. ‘எழுத விரும்புகிறேன்’ என்று சொல்ல இயலாத வீட்டிலும் ‘நாளைக்கு அனுப்பியாக வேண்டும்’ என்று சொல்ல இயலும்.

இம்முறை நாவலின் உட்கட்டமைப்பிலும் தடம் பதித்துள்ளது. அவற்றுள் நான்கு கூறுகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, களம். வீடு, மருத்துவமனை, பள்ளி, அலுவலகம் ஆகியன எழுதுபவர் நாள்தோறும் புழங்கும் இடங்கள். வரலாற்று நாவலுக்குத் தேவைப்படும் பயணமும் ஆவணத் தேடலும் இங்குத் தேவைப்படுவதில்லை. அன்றாட வாழ்க்கையே தரவுக் களமாகிறது.

இரண்டாவது, காட்சியமைப்பு. இடையில் நிறுத்தி மீண்டும் தொடர்வதற்கு ஏற்ற சிறு காட்சிகளும் உரையாடல்களும் மிகுதியாக இடம்பெறுகின்றன. நீண்ட வருணனையைவிட உரையாடலை விட்ட இடத்திலிருந்து தொடர்வது எளிது.

மூன்றாவது, அத்தியாய முடிவு. ஐயம், வரவு, கடிதம், தவறான புரிதல் ஆகியவற்றில் ஒன்றுடன் அத்தியாயம் முடிகிறது. இது வாசகரை ஈர்க்கும் உத்தியாகவே பொதுவாக விளக்கப்படுகிறது. ஒரு வாரம் பிற வேலைகளில் ஈடுபட்டுத் திரும்பும் ஆசிரியருக்கும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை நினைவூட்டும் குறியாக அது பயன்பட்டிருக்கக்கூடும்.

நான்காவது, வாய்பாட்டுத் தன்மை. செல்வந்தனான நாயகன், தன்மதிப்புள்ள ஏழை நாயகி, பொய்ப்பழி, தெளிவு, இணைவு என்னும் சட்டகம் மீண்டும் மீண்டும் வருவது இந்நாவல்களின் மீது வைக்கப்படும் முதன்மைக் குற்றச்சாட்டு. அது மறுக்கத்தக்கதன்று. எனினும், சட்டகம் கைவசம் இருக்கும்போது நேரம் குறைந்த ஆசிரியரின் ஆற்றல் கதைத்திட்டத்தில் செலவாகாமல், மனநிலை மாற்றங்களைச் சித்திரிப்பதில் செலவாகிறது. பழகிய மெட்டில் புதிய சொல்லை அமைப்பதுபோன்ற செயல் இது.

இவ்வடிவத்தின் இழப்புகளும் சுட்டப்பட வேண்டியவை. முதல் அத்தியாயம் அச்சான பின் அதனைத் திருத்த வழியில்லை. இறுதி அத்தியாயங்கள் விரைந்து முடிக்கப்படுகின்றன. பாத்திரங்கள் சில இடையிலேயே மறைந்துவிடுகின்றன. நூலாக்கத்தின்போது மீள எழுதுவதற்குரிய ஓய்வு பலருக்கு வாய்ப்பதில்லை. அடுத்த தொடர் அதற்குள் தொடங்கிவிடுகிறது. இக்குறைகளைத் திறனின்மை என்று மட்டும் கொள்வதா, திருத்துவதற்கான நேரமின்மை என்று கொள்வதா என்பது திறனாய்வாளர் எதிர்கொள்ள வேண்டிய வினா. நேரமின்மை குறையை இல்லாமலாக்காது; ஆனால் குறையின் காரணத்தைச் சரியாக அறிய உதவும்.

படிப்பவரின் நேரம்

ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கச் சிறுநகரம் ஒன்றின் காதல் நாவல் வாசகிகளை ஆராய்ந்தது. கதையின் உள்ளடக்கம் ஒருபுறமிருக்க, புத்தகத்தைக் கையில் எடுக்கும் செயலே குடும்பத் தேவைகளிலிருந்து தமக்கெனச் சிறிது பொழுதை மீட்டுக்கொள்ளும் செயலாக அப்பெண்களுக்கு இருந்தது என்பது அவ்வாய்வின் முக்கியமான முடிவு. இக்கருத்தைத் தமிழ்ச் சூழலுக்கு நீட்டிப் பார்க்கும்போது, எழுதுபவரும் படிப்பவரும் ஒரே வகை நேரத்தில் சந்திக்கின்றனர் என்பது புலனாகிறது. அடுப்பு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடைப்பட்ட பொழுதில் எழுதப்பட்ட அத்தியாயம், அதேபோன்ற பொழுதில் படிக்கப்படுகிறது. அத்தியாயத்தின் அளவு இருவருக்கும் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத நாவல் பெருகிய பின்னர் இவ்வுறவு மேலும் இறுகியது. ஒரே இதழில் முழு நாவலும் குறைந்த விலையில் கிடைத்தது. ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் வழி இவ்வகைமையின் மிகப் பரவலாக அறியப்பட்ட பெயரானார். இல்லத்தரசியாக இருந்து எழுதிய அவரது படைப்புகள், வேலைக்குச் செல்லும் பெண்களின் பயணப் பைகளிலும் இடம்பெற்றன. மற்றொரு திசையில், வங்கிப் பணியில் இருந்த சிவசங்கரி 1968இல் தம் முதற் சிறுகதையை வெளியிட்டு, மணவாழ்க்கையின் இனிமையிலிருந்து அதன் சிக்கல்களுக்கு வாசகரை அழைத்துச் சென்றார். வேலையும் இல்லமும் பெண்ணிடம் எழுப்பும் முரண் எழுத்தின் சூழலாக மட்டுமன்றி எழுத்தின் பொருளாகவும் இக்காலத்தில் மாறியது.

2016ஆம் ஆண்டின் இறுதியில் அமேசான் கிண்டில் தளத்தில் தமிழ் நூல்களுக்கு வழி திறந்தது. இணையவழி வெளியீடு இதழ் ஆசிரியரின் தேர்வைச் சாராமல் நேரடியாக வாசகரை அடையும் வாய்ப்பை அளித்தது. கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி வெளியிடும் இன்றைய முறை, தொடர்கதையின் பழைய தாளத்தையே பின்பற்றுகிறது. கருவி மாறியுள்ளது; துண்டுபட்ட நேரம் மாறவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இதழ் ஆசிரியர் அளித்த உறுதியான ஊதியமும் செம்மையாக்கமும் இங்கு இல்லை. திருத்துதல், அட்டை வடிவமைத்தல், விளம்பரம் செய்தல் ஆகிய பணிகளும் எழுதுபவரின் மூன்றாம் பணிநேரத்தில் வந்து சேர்ந்துள்ளன.

மூன்று நிலைப்பாடுகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து, தொழிலும் குடும்பமும் உள்ள ஒரு பெண் காதல் நாவலாசிரியையாக நிலைபெறுவதற்கு நேரம், பொருள், இசைவு ஆகிய மூன்றும் தேவைப்பட்டமை அறியப்படுகிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று உருவாக்கக்கூடியவை. லட்சுமிக்குப் பொருள் தேவையே எழுத்தைத் தொடங்கிவைத்தது. கோதைநாயகிக்குத் தோழியின் துணையும் கணவர் இல்லத்தின் இசைவும் தொடக்கமாயின. தொடர்கதை வடிவம் இம்மூன்றையும் சிறு அளவில் வாரந்தோறும் வழங்கியது. இதனாலேயே அது இப்பெண்களின் வடிவமாயிற்று.

தனியறை எல்லா எழுத்திற்கும் முன்நிபந்தனை அன்று. ஆனால் அறையின்மைக்கு ஒரு விலை உண்டு. மீள எழுத இயலாமை, வாய்பாட்டை மீற இயலாமை, நெடிய மௌனங்கள் ஆகியன அவ்விலை. இவ்விலையைக் கணக்கிடாமல் எழுதிக் குவித்தமையைப் போற்றுவதும், அதனைக் கணக்கிடாமல் தரமின்மையைத் தூற்றுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

முடிவுரை

தமிழ் நாவல் வரலாறுகள் இந்நாவலாசிரியைகளை ‘வெகுசன எழுத்து’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் ஓரிரு பத்திகளில் கடந்துவிடும் போக்கு பரவலாக உள்ளது. படைப்பின் தரம் குறித்த மதிப்பீடு திறனாய்வின் உரிமை. ஆனால் மருத்துவமனைப் பணி முடித்து எழுதப்பட்ட நாவலையும் முழுநேர எழுத்தாளரின் நாவலையும் உற்பத்திச் சூழலைக் கருதாமல் ஒரே அளவுகோலால் அளக்கும் வரலாறு முழுமையானதன்று. தன்வரலாறுகள், இதழ்த் தொகுப்புகள், ஆசிரியர் கடிதங்கள், தொடர் வடிவத்திற்கும் நூல் வடிவத்திற்கும் இடையிலான பாட வேறுபாடுகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து ஆராய்ந்தால், இந்நாவல்களில் காதலைப் பற்றிய செய்தியுடன் பெண்ணின் நேரத்தைப் பற்றிய செய்தியும் வெளிப்படும். பழைய வார இதழ்த் தொகுப்புகள் அழிந்துவரும் நிலையில், தொடர் வடிவப் பாடங்களைத் திரட்டுவது இத்துறையில் முதலில் மேற்கொள்ளப்பட வேண்டிய பணியாகும்.